மீசை தேயாத கோரி

மீன் தொட்டியின் தரையில் திரியும் சின்னக் கெளுத்தி மீனான கோரிடோராஸை, சுருக்கமாகக் கோரியை, வாங்கக் கடைக்குப் போனால் நிறத்தைப் பார்க்காதீர்கள், முதலில் மீசையைப் பாருங்கள். வாயோரத்தில் தொங்கும் அந்தச் சதை மீசைகள், மீன் தரையில் நிற்கும்போது நுனி மணலைத் தொடும் அளவுக்கு இருக்க வேண்டும். வெட்டிவிட்டதுபோல் மொட்டையாகவோ, நுனி சிவந்து வெள்ளைப் பூச்சுடனோ இருந்தால் அந்தத் தொட்டியிலிருந்து எந்த மீனையும் எடுக்காதீர்கள். கடைக்காரர் “அதெல்லாம் வளர்ந்துடும் சார்” என்பார். பாதி உண்மைதான். லேசாகத் தேய்ந்த மீசை சுத்தமான தொட்டியில் சில வாரங்களில் திரும்ப வளரும். அடிவரை அரித்துப்போனது வளராது. தரையில் இரையைத் தேடுவதற்கு இந்த மீனுக்கு மீசைதான் விரல், நாக்கு எல்லாமே.

நம்மூரில் இதற்கு இன்னொரு தொல்லை, “டேங்க் கிளீனர்” என்ற பட்டம். சக்கர் மீனையும் இதையும் ஒரே தட்டில் வைத்து, மற்ற மீன்களின் கழிவைத் தின்று தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று விற்கிறார்கள். இரண்டுமே தென் அமெரிக்காவின் கவசக் கெளுத்திகள், அவ்வளவுதான் உறவு. சக்கர் வேறு குடும்பம். ஒன்றரை அடிக்கு வளரும், கண்ணாடியில் ஒட்டிப் பாசியைச் சுரண்டும். ஏரியில் விட்டால் பெருகி உள்ளூர் மீன்களின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கோரி இரண்டரை அங்குலத்தைத் தாண்டுவதே அபூர்வம். பாசியைத் தொடாது, கழிவையும் தின்னாது. புழு, பூச்சி, சிறு இறால் வகைகளை மணலுக்குள் தேடித் தின்னும் உயிர் இது. சுத்தம் செய்ய ஆள் வேண்டுமென்று கோரி வாங்கியவர்கள் வீட்டில்தான் மீசை முதலில் தேய்கிறது.

பெயரைப் பற்றிச் சுருக்கமாக. 1803-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் லாசெபேட் வைத்த ‘கோரிடோராஸ்’ என்ற பெயரில் தலைக்கவசம் என்று பொருள்படும் கிரேக்கச் சொல் இருக்கிறது. உடம்பின் இரு பக்கமும் செதிலுக்குப் பதில் ஓடு வேய்ந்ததுபோல் இரண்டு வரிசை எலும்புத் தகடுகள். 2024-ல் வந்த மறுவகைப்பாடு இந்தப் பேரினத்தைப் பல துண்டாகப் பிரித்துவிட்டது. கடையில் கிடைக்கும் வகைகளில் புரான்ஸ் கோரி இப்போது ஓஸ்டியோகாஸ்டர், பெப்பர், பாண்டா, ஸ்டெர்பாய் மூன்றும் ஹாப்ளிசோமா, பிக்மி காஸ்ட்ரோடெர்மஸ். கடைப் பலகையில் இந்தப் பெயர்கள் ஏற இன்னும் சில வருடம் ஆகும். இங்கே எல்லாவற்றையும் கோரி என்றே எழுதுகிறேன்.

எந்தக் கோரி என்பதை உங்கள் ஊர் வெயில்தான் முடிவு செய்ய வேண்டும். பெப்பர் கோரி அர்ஜென்டினா, உருகுவே, தெற்கு பிரேசில் பக்கத்து மீன். பீகிள் கப்பல் பயணத்தில் டார்வின் பிடித்து வந்த மாதிரியை வைத்து 1842-ல் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜெனின்ஸ் இதை விவரித்தார். குளிர்காலம் உள்ள ஊரில் பிறந்ததால் 18 முதல் 23 டிகிரிதான் இதற்கு இதம். பெருவிலிருந்து வரும் பாண்டாவும் 25 டிகிரிக்கு மேல் தாங்காது. சென்னையில் மே மாதம் மொட்டை மாடிக்குக் கீழ் அறையில் இருக்கும் தொட்டியின் நீர் 31, 32 டிகிரியைத் தொடும். அங்கே பெப்பரையும் பாண்டாவையும் வைப்பது மீனுக்குச் செய்யும் அநியாயம். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக வைக்கலாம். சமவெளிக்கு ஸ்டெர்பாய்தான் சரி. பிரேசில், பொலிவியா எல்லையிலுள்ள குவாப்போரே ஆற்று மீன், 24 முதல் 28 டிகிரி வரை சுகமாக இருக்கும். விலைதான் கொஞ்சம் கூட. புரான்ஸும், கடைகளில் நிறைந்து கிடக்கும் அல்பினோவும் 22 முதல் 26-க்குரியவை. 28 வரை சமாளிக்கும். அல்பினோ பெரும்பாலும் புரான்ஸின் வெள்ளை வடிவமே. அதில் நீலம், ரோஸ் சாயம் ஏற்றி விற்பதை மட்டும் வாங்காதீர்கள். வாங்க ஆள் இருக்கும்வரை அதைச் செய்துகொண்டே இருப்பார்கள்.

இனி தரை. மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது.

கோரி மணலில் மூக்கைக் கண்வரை புதைத்து, ஒரு வாய் மணலை அள்ளி, இரையை மட்டும் பிரித்துக்கொண்டு, மிச்ச மணலைச் செவுள் வழியாக வெளியே தள்ளும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டு செவுள் மூடியிலிருந்தும் மணல் புகைபோல் வழிவது தெரியும். கூழாங்கல் போட்ட தொட்டியில் இது நடக்கவே நடக்காது. கல்லிடுக்கில் விழுந்த தீனியை மீசையால் துழாவும், எட்டாது, விட்டுவிடும். அந்தத் தீனி அங்கேயே அழுகும். மீன் மறுபடி அதே அழுகலில் மீசையை விடும்.

மீசை தேய்வதற்குக் கல்லின் கூர்மைதான் காரணம் என்று பலர் சொல்கிறார்கள். கூர்மை காயத்தை உண்டாக்கும், சரி. அதை அரிக்கவைப்பது தரையில் தேங்கிய அழுக்கில் பெருகும் பாக்டீரியா. வழவழப்பான, விலை உயர்ந்த மணல் போட்டு, மூன்று மாதம் கிளறாமல் விட்ட தொட்டியிலும் மீசை போகும். ஆகவே மணலும் வேண்டும், அது சுத்தமாகவும் இருக்க வேண்டும். ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் பயனில்லை.

மணல் எது? ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான, உருண்ட மணிகள். நல்ல ஆற்று மணல் கிடைத்தால் மாவு சல்லடையில் சலித்துக் கீழே விழுந்ததை எடுத்துக்கொள்ளலாம். நீச்சல் குள ஃபில்டருக்கு விற்கும் சிலிக்கா மணலும் நல்லது. கட்டுமானத்துக்கு வரும் எம்-சாண்ட் கூடவே கூடாது. பாறையை உடைத்துச் செய்வதால் ஒவ்வொரு மணிக்கும் விளிம்பு உண்டு. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தால் கீறுவது தெரியும். கடற்கரை மணலில் சிப்பித் தூள் கலந்திருக்கும், அது நீரின் கடினத்தன்மையையும் பி.எச். அளவையும் ஏற்றிவிடும். சந்தேகமாக இருந்தால் ஒரு ஸ்பூன் காய்ந்த மணலில் வினிகர் ஊற்றுங்கள். நுரைத்தால் அந்த மணல் வேண்டாம்.

இரண்டடிக்கு ஓரடி தொட்டிக்கு 3 செ.மீ. உயரம் மணல் போட எட்டு கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். அதற்கு மேல் உயர்த்தாதீர்கள். ஆழமான மணலின் அடியில் ஆக்சிஜன் போகாமல் கறுத்து, கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும். பக்கெட்டில் போட்டு அரிசி களைவதுபோல் தண்ணீர் தெளியும்வரை அலச வேண்டும். பத்துப் பதினைந்து தடவை ஆகும். நாலு தடவையோடு நிறுத்தினால் தொட்டி ஒரு வாரம் மோர் நிறத்தில் இருக்கும்.

கழிவை உறிஞ்சி எடுக்கும் சைஃபன் குழாயை மணலில் புதைக்க வேண்டாம், மணலே மேலே வந்துவிடும். ஒரு அங்குலம் மேலே பிடித்து, மெதுவாக வட்டமிட்டால் கழிவு மட்டும் எழும்பி உள்ளே போகும். தீனி போடும் இடத்தையும், கட்டைக்குப் பின்னால் நீரோட்டம் செத்துக் கிடக்கும் மூலையையும் வாரா வாரம் தவறாமல் எடுங்கள். கழிவு சேர்வது எப்போதும் அந்த இரண்டு இடங்களில்தான். தீனியைத் தினமும் ஒரே மூலையில் போடாமல் மாற்றிப் போட்டால் பாதி வேலை குறையும்.

தண்ணீர் விஷயம் மற்ற மீன்களுக்குச் சொல்வதுதான். தொட்டி சைக்கிள் ஆகி, அதாவது கழிவின் நச்சை மாற்றும் நல்ல பாக்டீரியா வளர்ந்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன். வாரம் 25 முதல் 30 சதவீதம் தண்ணீர் மாற்ற வேண்டும். பி.எச். 6.5 முதல் 7.5-க்குள் நிலையாக இருந்தால் பண்ணையில் பிறந்த கோரிக்குப் போதும். கடினமான போர் தண்ணீர் என்றால் ஆர்.ஓ. தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து பாருங்கள். ஆர்.ஓ. தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள், தாது ஏதுமில்லாமல் பி.எச். திடீரென்று சரியும். குழாய்த் தண்ணீரின் குளோரினுக்கு ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து. கோடையில் இன்னொரு கவனம்: நண்பகலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் கை சுடும். காலை ஆறு ஏழு மணிக்கே பக்கெட்டில் பிடித்து வைத்துவிடுங்கள்.

20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். வெயில் ஏறும்போது மீனுக்கு மூச்சு அதிகம் தேவை, நீரிலோ அது குறைவு. சின்ன டேபிள் ஃபேன் ஒன்றை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்தால் ஆவியாதலில் 2, 3 டிகிரி இறங்கும். காற்றில் ஈரம் கூடிய நாளில் அவ்வளவு இறங்காது. ஆவியான அளவுக்கு ஆர்.ஓ. தண்ணீரையே ஊற்றுங்கள். போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே போனால் உப்பு ஏறிக்கொண்டே போகும். ஐஸ் கட்டியைத் தொட்டியில் போடுவது வேண்டாத வேலை.

கோரி திடீரென்று அம்புபோல் மேலே பாய்ந்து, நீர்ப்பரப்பில் ஒரு வாய் காற்றை விழுங்கி, அதே வேகத்தில் கீழே இறங்கும். புதிதாக வளர்ப்பவர்கள் பயந்துவிடுகிறார்கள். இயல்பான பழக்கம் அது. விழுங்கிய காற்றிலிருந்து குடலின் பின்பகுதி ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். மிச்சம் ஆசனவாய் வழியாகக் குமிழியாகப் போய்விடும். அதனால் நீர்மட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே 3 செ.மீ. காற்று இடைவெளி விட்டே ஆக வேண்டும். தொட்டியை விளிம்புவரை நிரப்பி மூடி போடாதீர்கள். மூடி இல்லாமலும் விடாதீர்கள், பாய்ந்த வேகத்தில் வெளியே விழும். ஒரு மணி நேரத்தில் சில தடவை பாய்வது சகஜம். எல்லா மீனும் நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடினால் உடனே அம்மோனியாவைச் சோதியுங்கள், ஏர் பம்ப் ஓடுகிறதா என்று பாருங்கள், பாதித் தண்ணீரை மாற்றுங்கள். நீரிலுள்ள ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், அல்லது செவுள் பாதிக்கப்பட்டிருக்கலாம்.

எண்ணிக்கை ஆறு, ஒரே இனத்தில் ஆறு. இரண்டு புரான்ஸ், இரண்டு பாண்டா, இரண்டு ஸ்டெர்பாய் என்று கலவை சாதம் செய்தால் ஆறு மீனும் தனித்தனியாக ஒளிந்து கிடக்கும். புரான்ஸும் அதன் அல்பினோவும் ஒரே இனம் என்பதால் சேர்ந்து திரியும். ஆறு புரான்ஸுக்கு இரண்டடித் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர் போதும். இரண்டரை செ.மீ. அளவேயுள்ள பிக்மி என்றால் அதே தொட்டியில் பத்துப் பன்னிரண்டு விடலாம். அவை தரையில் மட்டும் இல்லாமல் நடு நீரிலும் கூட்டமாக நீந்தும்.

கூடவே டெட்ரா, ரஸ்போரா, கப்பி வைக்கலாம். கோல்டுஃபிஷ், ஆஸ்கர் வேண்டவே வேண்டாம். முதுகுத் துடுப்பிலும் இரண்டு மார்புத் துடுப்பிலும் கோரிக்கு முள் உண்டு. ஆபத்து வந்தால் மூன்றையும் விரித்துப் பூட்டிக்கொள்ளும். விழுங்கிய மீனின் தொண்டையில் மாட்டி இரண்டும் சாகும். 2016-ல் நெதர்லாந்தில் குடிபோதையில் ஒருவர் உயிருள்ள புரான்ஸ் கோரியை விழுங்கப்போய், அது தொண்டையில் முள்ளை விரித்து மாட்டிக்கொண்டு, மருத்துவமனையில் எடுக்க வேண்டியதாயிற்று. அந்த மீன் இப்போது ராட்டர்டாம் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வீட்டில் இந்த முள் மாட்டுவது வலையில். வலையிலிருந்து பிய்த்து இழுத்தால் துடுப்பு கிழியும். மீனை வலையோடு தண்ணீருக்குள்ளேயே வைத்துச் சற்றுப் பொறுத்தால் சில சமயம் தானே விடுபடும். இல்லையென்றால் நகவெட்டிக் கத்தரியால் வலையை வெட்டுங்கள். வலை ஐம்பது ரூபாய்தான். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைச் சாய்த்து மீனை உள்ளே ஓட்டிப் பிடிப்பதே சரியான முறை. கையில் முள் குத்தினால் தேள் அளவுக்கு இல்லாவிட்டாலும் நன்றாகக் கடுக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி குறையும்.

வாங்கிக்கொண்டு வரும் வழியில் நடக்கும் சாவு ஒன்று இருக்கிறது, பலருக்குக் காரணம் தெரிவதில்லை. மிரண்ட கோரி மார்புத் துடுப்பின் அடியிலுள்ள சுரப்பியிலிருந்து விஷத்தைக் கசியவிடும். சின்னப் பையில் ஐந்தாறு மீனை அடைத்தால் அந்த விஷமே அவற்றைக் கொல்லும். தண்ணீர் மேலே நுரை கட்டி லேசாகக் கலங்கியிருக்கும். கோரியை வேறு மீன்களோடு ஒரே பையில் போடச் சொல்லாதீர்கள், பையில் தண்ணீர் கொஞ்சம் கூடுதலாக விடச் சொல்லுங்கள். கட்டும் முன் ஒரு பாத்திரத்தில் சில நிமிடம் வைத்து, தண்ணீரை மாற்றிவிட்டுக் கட்டினால் இன்னும் நல்லது. பை நுரைத்திருந்தால் பதினைந்து நிமிடம் மிதக்கவிடும் சடங்கெல்லாம் வேண்டாம், உடனே நல்ல தண்ணீருக்கு மாற்றுங்கள். எப்படியானாலும் பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

புதிய மீனின் வயிற்றைப் பாருங்கள். அடிவயிற்றில் சிவப்புத் திட்டு என்றால் பயணக் களைப்போ அம்மோனியாச் சூடோ பட்டு, பாக்டீரியா ஏறியிருக்கிறது. ஆரம்பத்திலேயே தினமும் தண்ணீர் மாற்றினால் பல மீன்கள் தேறும். வயிறு உள்வாங்கியிருந்தால் கடையில் பட்டினி, இல்லையேல் குடல் புழு. இரண்டு வாரம் நன்றாகச் சாப்பிட்டும் தேறாவிட்டால் தனித் தொட்டியில் லெவமிசோல் ஹைட்ரோகுளோரைடு என்ற புழு மருந்து, லிட்டருக்கு 2 மில்லிகிராம், 24 மணி நேரம், வெளிச்சம் படாமல். பிறகு அடியைச் சைஃபன் செய்து பாதிக்கு மேல் தண்ணீர் மாற்ற வேண்டும். எதற்கெடுத்தாலும் கல்லுப்பைக் கொட்டும் பழக்கத்தை இந்த மீனிடம் காட்டாதீர்கள்.

தீனி எளிது: மூழ்கும் பெல்லெட், பிளட்வார்ம் என்ற உறைந்த சிவப்புப் புழு வாரம் இரண்டு நாள், அவ்வப்போது ஆர்ட்டீமியா என்ற குட்டி உப்புநீர் இறால். விளக்கை அணைத்த பிறகு போட்டால் மேலே உள்ள மீன்கள் பிடுங்காது. கால் மணி நேரத்துக்குப் பிறகும் பெல்லெட் கிடந்தால் அளவு அதிகம். பிளேக்ஸ் தீனியின் மிச்சத்திலேயே கோரி பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினால் மூன்று மாதத்தில் மெலிந்து சாகும்.

இனப்பெருக்கத்தை வீட்டிலேயே பார்க்க முடிகிற மீன் இது. அதுவும் பார்க்க வேண்டிய காட்சி. மேலிருந்து பார்த்தால் பெண் அகலமாக, பெரிதாக இருக்கும், ஆண் ஒல்லி. ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் கணக்கு. இரண்டு வாரம் பிளட்வார்ம், நறுக்கிய மண்புழு என்று கொழுக்கக் கொடுங்கள். பெண்ணின் வயிறு பருத்ததும், மாலையில் பாதித் தண்ணீரை எடுத்துவிட்டு 3, 4 டிகிரி குளிர்ந்த, மென்மையான நீரை ஊற்றுங்கள். அவற்றின் ஊரில் மழைக்காலம் தொடங்கும் அடையாளம் இதுதான். ஐப்பசி கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு நிலை அறிவிப்பு வரும் நாளில் செய்தால் பலிப்பது அதிகம் என்பது வளர்ப்பவர்கள் பலரின் அனுபவம். ஒரு தடவையில் நடக்காவிட்டால் மூன்று நாள் தொடர்ந்து செய்யுங்கள்.

முட்டையிடும் காலையில் ஆண்கள் பெண்ணை விடாமல் துரத்தும். பெண், ஆணின் வயிற்றில் வாயை வைத்து ஒட்டும். இரண்டும் சேர்ந்து ஆங்கில ‘டி’ எழுத்துபோல் சில நொடி அசையாமல் நிற்கும். அப்போது விந்தைப் பெண் குடித்துவிடுகிறது. புரான்ஸ் கோரியில் இதை 1995-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள்: விந்து குடல் வழியாக வேகமாகக் கடந்து வந்து, பெண் தன் இடுப்புத் துடுப்புகளைக் கைபோல் குவித்து அதில் பிடித்திருக்கும் முட்டைகள் மேல் விழுகிறது. பிறகு பெண் கண்ணாடியில் ஓர் இடத்தை வாயால் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டு இரண்டு மூன்று முட்டைகளை ஒட்டும். திரும்ப வந்து அடுத்த சுற்று. சில மணி நேரத்தில் நூறைத் தாண்டும்.

முட்டையிட்டு முடிந்ததும் பெற்றோரே தேடித் தின்னும். முட்டைகள் ஒரு மணி நேரத்தில் கெட்டிப்படும். அதன்பின் விரலால் உருட்டியோ பழைய ஏ.டி.எம். கார்டால் வழித்தோ எடுத்து, அதே தொட்டித் தண்ணீர் உள்ள மூன்று லிட்டர் டப்பாவில் போட்டு, ஏர் ஸ்டோனை மெதுவாக ஓடவிடுங்கள். பூஞ்சைக்கு மெத்திலீன் புளூ, தண்ணீர் வெளிர் நீலமாகும் அளவுக்கு. அல்லது தெருவோரப் பாதாம் மரத்தின் காய்ந்த இலையில் கைப்பிடி அளவு துண்டு. வெள்ளையாகிப் பஞ்சு பூத்த முட்டையைத் தினமும் பொறுக்கி எடுக்காவிட்டால் பக்கத்து முட்டைக்கும் பரவும். நல்ல முட்டை தேன் நிறமாகி, இரண்டாம் மூன்றாம் நாள் உள்ளே கண் புள்ளி தெரியும். 25 டிகிரியில் மூன்று முதல் ஐந்து நாளில் பொரியும்.

குஞ்சுகள் இரண்டு நாள் வயிற்றோடு ஒட்டிய பையில் உள்ள மஞ்சள் கருவிலேயே வாழும். அதற்குள் தீனி போட்டால் அது அழுகி எல்லாவற்றையும் கொல்லும். மூன்றாம் நாளிலிருந்து மைக்ரோவார்ம் என்ற நுண்புழு, அப்போது பொரித்த ஆர்ட்டீமியா, ஒரு நாளைக்கு மூன்று வேளை, துளித் துளியாக. பெரும்பாலான குஞ்சுகள் சாவது பட்டினியால் அல்ல. வெறும் டப்பாவின் அடியில் படியும் வழவழப்பான பாக்டீரியாப் படலத்தால். தினமும் அடியைப் பஞ்சால் துடைத்து, கால்வாசித் தண்ணீரை அதே வெப்பநிலையில் மாற்றுங்கள். பத்தாம் நாளுக்குப் பிறகு, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலை எடுத்து மெல்லிய படலமாகத் தூவிவிட்டால் வேலை பாதியாகும். அரை அங்குலக் குஞ்சு, மூக்கை அந்த மணலில் புதைத்துச் செவுள் வழியே ஊதத் தொடங்கிவிடும்.